தகிட தக தகிட தக தக: ஒரு ஃப்யூஷன் ஆல்பத்துக்குள் நுழைய ஒரு வழி

நண்பர் ஒருவர் பதிந்து கொடுத்த கேசட் அது. டேப் ரெக்கார்டரில் போட்டுப் பொத்தானை அமுக்கியதும் பேண்டு வாத்தியம் கிளம்பியது. பள்ளி விளையாட்டு விழாவில் மாணவர்கள் அணிவகுத்து வருவார்களே, அந்த மாதிரி. ஆனால் ஊதுகிறவர் ஒரு சுருதியில் இருந்தார், உடன் வாசிக்கிறவர் இன்னொன்றில். நாடா இழுத்துக்கொண்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். கேசட்டை வெளியே எடுத்து, துளையில் பென்சிலைச் செருகிச் சுற்றி நாடாவை இறுக்கினேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தேன். திரும்பப் போட்டால் அதே கோணல்.

கோளாறு நாடாவிலும் இல்லை, டேப் ரெக்கார்டரிலும் இல்லை. அமெரிக்கக் கிதார் கலைஞர் பாட் மெத்தனியின் குழு வெளியிட்ட ‘ஃபர்ஸ்ட் சர்க்கிள்’ ஆல்பம் அப்படித்தான் தொடங்கும். 1984இல் வெளிவந்த அந்த ஆல்பத்தின் முதல் உருப்படியான ‘ஃபார்வர்ட் மார்ச்’, வேண்டுமென்றே சுருதி பிசக வாசிக்கப்பட்ட அணிவகுப்பு இசை. மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் குறும்பு. அமெரிக்கச் சிற்றூர்ப் பள்ளிகளின் பேண்டைக் கேலி செய்வது போலத்தான் இருக்கும். கேலியில் கொஞ்சம் பாசமும் கலந்திருக்கும். மெத்தனியே மிசௌரி மாநிலத்தில் லீஸ் சம்மிட் என்ற ஊரில் வளர்ந்தவர், கிதாரைத் தொடுவதற்கு முன் ட்ரம்பெட் ஊதிப் பழகியவர்.

ஜாஸ் ஃப்யூஷன் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டு இந்த ஆல்பத்தைத்தான் போட்டுக் காட்டுவேன். இந்த வகையில் இதைவிட வேகமாக வாசிக்கப்பட்ட ஆல்பங்கள் உண்டு, இதைவிடச் சிக்கலானவையும் உண்டு. ஆனால் வெளியாள் ஒருவர் உள்ளே நுழைய இதில் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசல் கிதார் இல்லை என்பதுதான் வேடிக்கை. அதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது, ஜாஸ். அதன் சட்டகம் நமக்கு அந்நியமானது அல்ல. ஒரு மெட்டு இருக்கும், அதற்கு அடியில் கார்டுகளின் வரிசை ஒன்று இருக்கும். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பிறகு மெட்டை விட்டுவிடுவார்கள்; கார்டு வரிசை மட்டும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்க, அதன்மேல் ஒவ்வொருவராக மனோதர்மத்தை, அதாவது அந்தக் கணத்தில் தோன்றும் கற்பனையை, காட்டுவார்கள். கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். பல்லவியைப் பாடி, நிரவல் செய்து, ஸ்வரம் பாடி, பல்லவிக்கே வந்து சேரும் கச்சேரியைக் கேட்ட காதுக்கு இதில் குழப்பம் வராது. குழப்புவது கார்டு.

பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பதுதான் கார்டு. ஆர்மோனியத்தில் ஸ, க, ப மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் ஒரு கார்டு கிடைத்துவிடும். நம் கச்சேரியில் தம்புரா ஆரம்பத்திலிருந்து மங்களம் வரை அசையாது. ராகம் மாறும், தாளம் மாறும், காலுக்குக் கீழே தரை மட்டும் மாறாது. ஜாஸில் தரையே நகரும். ஒரு கார்டின்மேல் தேனாக இனித்த ஸ்வரம், அடுத்த கார்டு வந்ததும் முள்ளாகக் குத்தும். “எங்கெங்கோ போகிறாரே, ஒன்றும் பிடிபடவில்லையே” என்று ஜாஸ் கேட்கிறவர்கள் அலுத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். பாதி நேரம் அவர் எங்கும் போவதில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறார், கீழே இருப்பதுதான் மாறுகிறது.

சந்தேகம் இருந்தால் வீட்டில் கிடக்கும் ஆர்மோனியத்தையோ பிள்ளைகளின் கீபோர்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். வலது கையால் ஒரே ஒரு கட்டையை அழுத்தி விடாமல் வைத்திருங்கள். இடது கையால் கீழ் ஸ்தாயியில் ஒவ்வொரு கட்டையாக மாற்றி மாற்றி அழுத்துங்கள். வலது கை அசையவே இல்லை, ஆனால் அந்த ஒற்றை ஸ்வரத்தின் முகம் ஒவ்வொரு முறையும் மாறும். ஒருமுறை நிம்மதியாக, ஒருமுறை ஏக்கமாக, ஒருமுறை யாரோ கதவைத் தட்டியது போல. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிதாரைத் தனியாகப் பின்தொடர்ந்து ரசிப்பவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த சமாசாரம்தான், பெயர் மட்டும் தெரிந்திருக்காது.

இரண்டாவது, ஃப்யூஷன். 1960களின் கடைசியில் ஜாஸ் கலைஞர்கள் சிலர் மின்சாரத்துக்கு மாறினார்கள். ராக் இசையின் கனமான தாளம், மின்கிதாரின் உறுமல், மின்பியானோ எல்லாம் உள்ளே வந்தன. ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1970இல் வெளியிட்ட ‘பிட்சஸ் ப்ரூ’ அதன் பெரிய திருப்பம். அதில் கிதார் வாசித்த ஜான் மெக்லாக்லின் அடுத்த ஆண்டே மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். சில ஆண்டுகள் கழித்து நம் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமும் வயலின் கலைஞர் எல். சங்கரும் இருந்த சக்தி குழுவை நடத்தியவரும் அவர்தான். அந்தப் பத்தாண்டில் ஃப்யூஷன் பல இடங்களில் ஓட்டப்பந்தயமாகிவிட்டது என்பது என் எண்ணம். யார் விரல் வேகம், யார் சத்தம் பெரிது என்று. கேட்டு முடித்தால் வியப்பு இருக்கும், ஒரு வரிகூட வாயில் முணுமுணுக்க வராது.

மெத்தனி போன வழி வேறு. பதின்ம வயது முடிவதற்குள் கல்லூரியில் கிதார் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டவர் அவர். விரல் வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் மெட்டுதான் அவருக்கு முதலில். பியானோ கலைஞர் லைல் மேஸுடன் சேர்ந்து 1970களின் பிற்பாதியில் குழுவைக் கட்டினார். இருவரும் சேர்ந்து எழுதிய உருப்படிகள் பாட்டு போலவும் இருக்கும், சின்ன சிம்ஃபொனி போலவும் இருக்கும். ஃப்யூஷன் என்ற பெயரே மெத்தனிக்குப் பிடிக்காது. அமெரிக்கர்கள் அதைப் பொருட்படுத்தாமல் ‘ஆஃப்ராம்ப்’, ‘டிராவல்ஸ்’, ‘ஃபர்ஸ்ட் சர்க்கிள்’ என்று அடுத்தடுத்து மூன்று ஆல்பங்களுக்கு அதே பெயர் போட்ட கிராமி விருதைக் கொடுத்தார்கள்.

இனி வாசலுக்கு வருவோம். ஆல்பத்தின் மூன்றாவது உருப்படி, தலைப்பு உருப்படியான ‘த ஃபர்ஸ்ட் சர்க்கிள்’. சுமார் ஒன்பது நிமிடம். தொடக்கத்தில் கைதட்டல். கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை, சில ஜோடிக் கைகள் மட்டும். கேட்டதும் கூடவே தட்டத் தோன்றும். தட்டிப் பார்த்தால் மூன்றாவது நொடியில் தடுமாறுவீர்கள். நானும் பல ஆண்டுகள் தடுமாறினேன். வழக்கமான பாட்டு நான்கு நான்காகப் போகும், இது எதற்கும் அடங்காமல் முன்னால் உருண்டுகொண்டே இருந்தது.

முடிச்சை அவிழ்த்தவன் மிருதங்கம் பயிலும் என் அக்கா மகன். விடுமுறைக்கு வந்தவன் ஊஞ்சலில் படுத்துக்கொண்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தான். நான் இதைப் போட்டதும் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே விரல்கள் ஊஞ்சல் பலகையில் தட்ட ஆரம்பித்தன. நான்கைந்து சுற்று ஆனதும் நிறுத்தினான். “மாமா, இதில் ஒன்றுமில்லை. முதல் தடவை வாலில் ஒரு தக அதிகம், இரண்டாவது தடவை அது இல்லை.” அவ்வளவுதான் சொன்னான். மறுபடி படிக்கப் போய்விட்டான்.

அவன் சொன்னதை எழுதிப் பார்த்தால் இப்படி வரும்:

தகிட தக தகிட தக தக
தகிட தக தகிட தக

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தகிட என்றால் மூன்று மாத்திரை, தக என்றால் இரண்டு. முதல் வரியில் பன்னிரண்டு, இரண்டாவது வரியில் பத்து. இரண்டும் சேர்ந்து இருபத்திரண்டு. மேலைநாட்டுக் குறியீட்டில் இதை இருபத்திரண்டுக்கு எட்டு என்று எழுதுவார்கள். பன்னிரண்டும் பத்தும் மாறி மாறி வருவதாகவும் எழுதுவதுண்டு. தாளம் கற்றவர்கள் இன்னொரு விதமாகவும் எண்ணலாம்: ஐந்து, ஏழு, ஐந்து, ஐந்து. மூன்று கண்டம், இடையில் ஒரு மிஸ்ரம். மெத்தனி இதை நம்மிடமிருந்து எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. நம்மிடம் அதை எண்ணுவதற்கு நல்ல வாய்ப்பாடு இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்கிறேன், அவ்வளவே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மாத்திரைகள் எல்லாம் ஒரே அளவுதான். வேகம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. பாசிமணி மாலையை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா மணியும் ஒரே பருமன். இடையிடையே ஒரு சிவப்பு மணி. சிவப்பு மணிகள் சம தூரத்தில் இருந்தால் அது நான்கு நான்காகப் போகும் பாட்டு. இங்கே சிவப்பு மணிகளின் இடைவெளி மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு என்று மாறுகிறது. நம் காதும் காலும் சிவப்பு மணியைத்தான் பிடிக்கும். ஆகவே தாளம் நொண்டுவதாகத் தோன்றுகிறது.

ஆனால் நொண்டவில்லை, ஓடுகிறது. ஏன் என்பதற்கு அக்கா மகன் சொன்ன வால்தான் விடை. முதல் வரியைக் கேட்ட காது இரண்டாவது வரியிலும் அந்தக் கடைசித் தகவை எதிர்பார்க்கிறது. அது வருவதில்லை. எதிர்பார்த்த படிக்கட்டு இல்லாமல் கால் அடுத்த படிக்கட்டில் விழுவது போல, வட்டம் இரண்டு மாத்திரை முன்னதாகவே மறுபடி தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சின்னத் தள்ளல். ஒன்பது நிமிடமும் உருப்படி மூச்சிரைக்காமல் ஏறிக்கொண்டே போவதற்கு எரிபொருள் அதுதான். கச்சேரிகளில் கூட்டமே சேர்ந்து இந்தக் கைதட்டலைத் தட்டுவார்கள். இருபத்திரண்டு என்று ஒருவரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள், தகிட தக என்று அவர்களுக்குச் சொல்லவும் தெரியாது. ஆனாலும் தட்டுகிறார்கள். கணக்கு தெரியாத பாட்டியும் ஊஞ்சல் பாட்டுக்குத் தலையாட்டுவாள் அல்லவா.

கைதட்டலின்மேல் ஒரு குரல் வருகிறது. வார்த்தை கிடையாது, அகாரமும் ஓகாரமுமாக ஒரு மெட்டு. பாடுகிறவர் பெத்ரோ அஸ்னார், அர்ஜென்டினாக்காரர், பியூனஸ் அயர்ஸில் பிறந்தவர். அங்கே செரு கிரான் என்ற புகழ்பெற்ற ராக் குழுவில் பேஸ் கிதார் வாசித்துக்கொண்டிருந்தவர். இங்கே அவருடைய குரலை மெத்தனி ஒரு வாத்தியமாகத்தான் வைத்துக்கொள்கிறார். குரலோடு ஒட்டிக்கொண்டு கிதாரும் மணி ஓசையும் அதே வரியை வாசிக்கும். எது குரல், எது கம்பி என்று முதல் தடவையில் பிரித்தறிய முடியாது. வார்த்தையில்லாத இந்தப் பாடல்முறையை மெத்தனிக்குக் காட்டியது பிரேசில். இதற்கு முந்தைய ஆல்பங்களில் அந்த நாட்டுத் தாளக் கலைஞர் நனா வாஸ்கான்செலோஸ் அவரோடு வாசித்தும் பாடியும் இருக்கிறார். ராக ஆலாபனை கேட்டவர்களிடம் ‘வார்த்தையே இல்லையே’ என்ற முணுமுணுப்பு வராது என்று நம்புகிறேன்.

இப்போது கிதாருக்காகக் காத்திருப்பீர்கள். கிதார்க்காரர் பெயரில் உள்ள குழு, ஆல்பத்தின் தலைப்பு உருப்படி, எப்படியும் ஒரு தனி வாசிப்பு வரும் என்று. வராது. தனி வாசிப்பு லைல் மேஸின் பியானோவுக்கு. மெத்தனி கம்பிகளைச் சேர்த்து மீட்டித் தாளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறார், பக்கவாத்தியக்காரர் போல. இது எனக்குப் பிடிபட்ட நாளில்தான் இந்த ஆல்பமே எனக்குத் திறந்தது. அதுவரை ஒவ்வொரு உருப்படியிலும் கிதாரைத் தேடித் தேடி மற்றதையெல்லாம் தவறவிட்டிருக்கிறேன். கிதார்க்காரரின் ஆல்பம் என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. கிதார் எப்போது வாசிக்கப் போகிறது என்று காத்திருந்தால், அது வாசித்துக்கொண்டிருப்பது கேட்காது.

மேஸின் பியானோவை நிதானமாகக் கேளுங்கள். 1953இல் விஸ்கான்சினில் ஒரு சிற்றூரில் பிறந்தவர், 2020இல் காலமானார். மெத்தனியின் நிழலாகவே கடைசிவரை பேசப்பட்டார், அது நியாயமல்ல. இந்தத் தனியில் அவர் தொடங்கும்போது சிக்கனம். வலது கையில் நாலைந்து ஸ்வரம், ஓர் இடைவெளி, மறுபடி நாலைந்து. சொன்னதையே கொஞ்சம் மேலே வைத்துத் திரும்பச் சொல்வார். கீழே இருபத்திரண்டு மாத்திரை சுற்றிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றிய பதற்றமே அவரிடம் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக இடது கை கனக்கிறது, டிரம்ஸ் கூடவே ஏறுகிறது. கல்பனா ஸ்வரம் பாடுகிறவர் முதலில் ஓர் ஆவர்த்தனத்தில் கொஞ்சம், பிறகு நீளமாக, கடைசியில் குறைப்பு என்று கட்டுவாரே, அந்தக் கட்டடப் புத்தி இங்கே தெரியும். அதற்கப்புறம் எல்லாரும் சேர்ந்துகொள்ள, மெட்டு கட்டை மாறி உயரும். தரை நகரும் என்று மேலே சொன்னேனே, இங்கே தரையை அப்படியே தூக்கி மாடியில் வைக்கிறார்கள். குரல் அதற்கும் மேலே நிற்கிறது. இந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். எத்தனையாவது தடவை என்பது கணக்கில்லை.

சரி, கிதாரையும் பார்த்துவிடுவோம். மெத்தனியின் மின்கிதார் ஒலியை இரண்டு நொடியில் அடையாளம் கண்டுவிடலாம். உருண்டையாக, ஓரங்கள் மழுங்கி, காற்றில் கொஞ்சம் மிதந்தபடி இருக்கும். சிறுவயதிலேயே கையில் கிடைத்த கிப்ஸன் ஈஎஸ்-175 என்ற உள்கூடு கொண்ட கிதார் அது. தோள்பட்டை வாரைப் பிடித்து நிறுத்த அதில் ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷைச் செருகி வைத்திருந்தார், படங்களில் பார்க்கலாம். தேர்ந்த கலைஞரின் கருவியில் பல்துலக்கி துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்த நாளிலிருந்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

ஒலி மிதப்பதற்குக் காரணம் வேறு. கிதாரிலிருந்து வரும் ஒலியை மூன்றாகப் பிரிப்பார். ஒன்று நேராகப் போகும். மற்ற இரண்டும் தாமதக் கருவிகள் வழியாக, ஒன்று 14 மில்லி விநாடியும் மற்றொன்று 26 மில்லி விநாடியும் தாமதித்து, வெவ்வேறு ஒலிபெருக்கிகளுக்குப் போகும். கூடவே அவற்றின் சுருதியிலும் மயிரிழை அசைவு இருக்கும். இவ்வளவு சின்னத் தாமதத்தைக் காது எதிரொலியாகக் கேட்பதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒலிக்கு அகலம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. கோயிலில் இரண்டு நாகஸ்வரம் சேர்ந்து வாசிக்கும்போது கிடைக்கும் விரிவை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். இருவரும் ஒரே ஸ்வரத்தைத்தான் ஊதுகிறார்கள், ஆனால் நேரத்திலும் சுருதியிலும் நூலிழை வேறுபடாமல் இருக்க முடியாது. அந்த நூலிழையில்தான் கம்பீரம் இருக்கிறது. மெத்தனி ஒரே ஆளாக அந்த நூலிழையை மின்சாரத்தில் செய்துகொண்டார்.

அவருடைய இன்னொரு குரல் கிதார் சிந்தசைசர். கிதாருக்கு ஒரு பிறவிக் குறை உண்டு: மீட்டிய கணத்திலிருந்து ஒலி சாகத் தொடங்கிவிடும். ஊதும் வாத்தியம் போல ஒரு ஸ்வரத்தைப் பிடித்து வளர்க்க முடியாது. வீணைக்காரர்களுக்கும் தெரிந்த துன்பம் இது. 1980 வாக்கில் வந்த ரோலண்ட் ஜிஆர்-300 என்ற கருவி ஆறு கம்பிகளின் அதிர்வையும் தனித்தனியே வாங்கி, ஒவ்வொன்றையும் மின்னொலியாக மாற்றிக் கொடுத்தது. கம்பியை இழுத்து வளைத்தால் ஒலியும் கூடவே வளையும். மெத்தனி அதில் எடுத்த ஒலி, உச்ச ஸ்தாயியில் கதறும் ட்ரம்பெட் போன்றது. பையனாக இருந்தபோது கீழே வைத்த ட்ரம்பெட்டைக் கம்பிகளின் வழியாகத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. இந்த ஆல்பத்தில் ‘எண்ட் ஆஃப் த கேம்’ உருப்படியில் அதைக் கேட்கலாம். ஒலியளவைக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களோடு உறவு முக்கியம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘யோலாண்டா, யூ லேர்ன்’ குதூகலமானது, அணிவகுப்புக் கோணலுக்குப் பிறகு காதைக் கழுவிவிடும். ‘இஃப் ஐ குட்’ இரவில் விளக்கணைத்துக் கேட்க வேண்டியது. கிதாரைத் தேடிக் களைத்தவர்களுக்கு இங்கே அது தனியே, நெருக்கமாக, அவசரமில்லாமல் கிடைக்கும். ‘மாஸ் அய்யா’ என்றால் ஸ்பானிய மொழியில் அப்பால் என்று பொருள். அஸ்னாரே எழுதிய வரிகளை இதில் அவர் வார்த்தைகளோடு பாடுகிறார். கடைசி உருப்படியான ‘ப்ரெய்ஸ்’ எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ‘டெல் இட் ஆல்’ பலருக்குப் பிடிக்கும்.

ஒலிப்பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. இது வெளிவந்தது ஈசிஎம் நிறுவனத்தில். மான்ஃப்ரெட் ஐஷர் 1969இல் மியூனிக்கில் தொடங்கிய நிறுவனம்; இரண்டு மூன்று நாளில் ஒரு ஆல்பத்தைப் பதிந்து முடிப்பது அங்கே வழக்கம். மௌனமும் தூரமும் கேட்கும் ஒலிப்பதிவுக்குப் பெயர் பெற்றது. இந்த ஆல்பத்தை ஆனால் மெத்தனியே தயாரித்தார், நியூயார்க்கில் பழைய மின் நிலையக் கட்டடம் ஒன்றில் இயங்கிய பவர் ஸ்டேஷன் ஒலிப்பதிவுக்கூடத்தில். அடுக்கடுக்காக ஒலியைக் கட்டும் இசைக்கு இரண்டு நாள் போதாது என்பதை யாரும் சொல்லாமலே உணரலாம். ஈசிஎம்முக்காக இந்தக் குழு செய்த கடைசி ஆல்பம் இதுவே. அடுத்து வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள்.

முதல் தடவை கேட்கும்போது கைதட்டலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு டிரம்ஸ் வாசிக்கும் பால் வெர்டிகோவின் சிம்பலை, அந்த வட்ட உலோகத் தட்டை, கேளுங்கள். நடுவில் குமிழ் இல்லாத தட்டையான சிம்பல் இந்தக் குழுவின் முத்திரை. குமிழ் உள்ள சிம்பல் தட்டினால் ஓசை பொங்கி மற்றதை மூழ்கடிக்கும். இது அப்படியில்லை, மழைத்தூறல் தகரத்தில் விழுவது போலச் சின்னச் சின்னப் புள்ளிகளாக விழும். இருபத்திரண்டு மாத்திரையும் அந்தப் புள்ளிகளில் ஒளிந்திருக்கிறது. மூன்றாவது தடவை ஸ்டீவ் ராட்பியின் பேஸைப் பின்தொடருங்கள், தரை எங்கே நகர்கிறது என்று அவர் காட்டிக்கொடுப்பார். மூன்றையும் ஒரே தடவையில் பிடிக்க முயன்றால் எதுவும் கிடைக்காது. போனில் கேட்கிறவர்கள் பாடல்களைக் குலுக்கிப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். வரிசையாகக் கேட்க வேண்டிய ஆல்பம் இது, அந்தக் கோணல் அணிவகுப்பு உட்பட.

அக்கா மகனுக்கு அதை நான் கடைசியாகத்தான் போட்டுக் காட்டினேன். சாயங்காலம் சாதகத்துக்கு உட்கார்ந்திருந்தான். மடியில் மிருதங்கம், பக்கத்தில் சுருதி சேர்க்கும் கல்லும் கட்டையும். பேண்டு கிளம்பியதும் முகத்தைச் சுளித்தான், பிறகு தலையைச் சாய்த்துக் கவனித்தான். ட்ரம்பெட் ஒரு பக்கமும் மற்றவை ஒரு பக்கமுமாக இழுத்துக்கொண்டு நடந்தன. அவன் கல்லையும் கட்டையையும் எடுத்து என் பக்கம் நீட்டினான்.

“மாமா, அவர்களுக்கு அனுப்பி வைக்கலாமா?”